முன் பம்பரில் எண்பது கிலோ

போன வாரம் பட்டறை வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட போட்டோவைப் பார்த்தேன். பெயிண்ட் பக்கெட்டில் கான்கிரீட் ஊற்றி, நடுவில் ஒரு கம்பி வளையம் வைத்து, சின்ன டிராக்டரின் முன்னால் எடையாக மாட்டியிருந்தீர்கள். கீழே "மேஸ்திரி சார், ஓகேவா?" என்று ஒரு கேள்வி. வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆன ஆளை ஞாபகம் வைத்துக் கேட்டதில் சந்தோஷம்தான். ஒரு கட்டை விரலைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்ய மனசு வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிமெண்ட் எவ்வளவு, ஜல்லி எவ்வளவு என்று நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே கிடைக்கும். நான் வார்த்த எடை ஒன்று உண்டு. அதில் கலவை சரி, வெல்டிங் சரி, பூசின பெயிண்ட் கூட சரி. அப்படியும் அதனால் ஒரு மனுஷன் கால் போகப் பார்த்தது. அதைச் சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலையில் ஓடுகிறதே நம் சின்ன டிராக்டர், அதன் பின்னால் மணலைச் சலித்துக் குப்பையைத் தொட்டியில் சேர்க்கும் கருவி இருக்கிறது. சல்லடை என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஓடும்போது தொந்தரவு இல்லை. திரும்பும் இடத்தில் சல்லடையைத் தூக்க வேண்டும். அந்தப் பாரம் முழுக்கப் பின்னால் தொங்கியதும் முன் சக்கரம் இரண்டும் மணலை விட்டு எழும்பிவிடும். எழும்பினால் ஸ்டியரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான். சுற்றிலும் நடைப்பயிற்சிக்கு வந்த கூட்டம் நிற்கும். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் வண்டி வருகிற திசையைக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இதற்கு அந்தக் காலத்தில் நாங்கள் கண்டுபிடித்த வைத்தியத்தின் பெயர் ஏழுமலை. நாற்பத்தைந்து வயசு, எண்பது கிலோவுக்கு ஒரு பிடி கூட இருப்பான். வேலைப் பதிவில் அவன் ஹெல்ப்பர். உண்மையில் அவன் செய்த வேலை முன் பம்பரில் ஏறி நிற்பது. டிரைவர் பாஸ்கர் "மாமா" என்று ஒரு குரல் கொடுப்பான், ஏழுமலை ஓடி வந்து ஏறிக்கொண்டு பானெட்டைப் பிடித்து முன்னால் சாய்வான், சக்கரம் லேசாக எழும்பினாலும் வண்டி ஒருவழியாகத் திரும்பிவிடும். இறங்கிக் குச்சி பொறுக்கப் போய்விடுவான். எங்கள் எல்லோருக்கும் அவன் "வெயிட்டு". அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பான். சிரித்தோம் என்பதை மறைக்க மாட்டேன்.

ஏழுமலை முதலில் அடையாற்றங்கரையில் இருந்தவன். அங்கிருந்த வீடுகளை எடுத்து எல்லோரையும் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அவன் மனைவி செல்வி அடையாறில் மூன்று வீடுகளில் வேலை செய்தாள். இருவரும் முதல் பஸ்ஸில் ஒன்றாக வருவார்கள். அவனுக்கு இந்த வேலை போனால் அந்தப் பக்கத்தில் கிடைக்கிற கூலி வேலைக்கு நிச்சயம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒருநாள் நடைப்பயிற்சிக்கு வந்த யாரோ ஒருவர் பம்பரில் ஆள் நிற்பதைப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். எங்கள் ஆபீஸ் மேனேஜரிடமிருந்து எனக்கு போன் வந்தது. இனி ஆள் ஏறக் கூடாது, முன்னால் மாட்ட டிராக்டர் கம்பெனியே விற்கிற எடை அந்தப் பழைய மாடலுக்குக் கிடைக்கவில்லையாம், நீங்களே ஒரு வாரத்தில் ஏதாவது செய்து மாட்டுங்கள் என்றார். படம் எடுத்தவர் செய்தது நல்ல காரியம். அன்றைக்கு அவரைத் திட்டினேன்.

எவ்வளவு எடை வேண்டும் என்று பார்க்க நேராகக் கடற்கரைக்கே போனோம். இருபது கிலோ மணல் மூட்டைகளைப் பம்பரில் ஒவ்வொன்றாக ஏற்றிக் கட்டி, தொட்டி நிறையக் குப்பையோடு சல்லடையைத் தூக்கிப் பார்த்தோம். நாலு மூட்டையில் சக்கரம் எழும்பியது. ஆறில் ஆடியது. எட்டில் அசையவில்லை. நூற்று அறுபது கிலோ. மூட்டைகளைக் கட்டித் தூக்கி வைத்தது முழுக்க ஏழுமலைதான். எட்டாவது மூட்டையில் வண்டி பேசாமல் திரும்பியதும் பாஸ்கர் கை தட்டினான். ஏழுமலை மட்டும் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்ட ஆரம்பித்தான்.

அன்று மத்தியானம் அவன் மந்தைவெளிப் பட்டறைக்கு வந்தான். வந்தவன் உட்காரவில்லை. எடை வார்க்கிற பெட்டிக்கு நான் தகடு வெட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஏண்ணா, இத்த மாட்டிட்டா அப்பால எனுக்கு இன்னா வேல கீது?" என்றான்.

நான் மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவன் எதிரிலேயே போன் போட்டேன். அவர் சாப்பாட்டு நேரம். பம்பர் ஆளுக்கு வேறு ஏதாவது இடம் இருக்குமா என்று கேட்டேன். பெயரைக்கூடச் சொல்லவில்லை. "பார்க்கலாம் மேஸ்திரி" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். அவ்வளவுதான் நான் அவனுக்காகப் பேசியது.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. எனக்குக் கையால் செய்கிற வேலை வரும், வாயால் செய்கிற வேலை வராது. மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து வெல்டிங் வைக்கச் சொன்னால் வைப்பேன். ஒருவரிடம் போய் நின்று இரண்டாவது தடவை கேட்கச் சொன்னால் உடம்பு கூசும். கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன ஆவது என்ற வெட்கம். இதைச் சுயமரியாதை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

அதனால் வாயால் முடிக்க வேண்டியதைக் கையால் முடித்தேன். பெட்டியைப் பாதியாக வெட்டினேன். கிண்டித் தொழிற்சாலைகளில் தகட்டில் துளை போடும்போது விழும் பஞ்சிங் துண்டுகளை உள்ளே போட்டு, கான்கிரீட் ஊற்றி, காய்ந்ததும் பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினேன். எண்பது கிலோ. மேனேஜர் வந்து பார்த்து, நூற்று அறுபது என்றீர்களே என்று கேட்டார். பம்பர் தாங்காது சார், இதற்கு மேல் ஏற்றினால் சேசிஸில் விரிசல் விடும் என்றேன். முப்பது வருஷ மேஸ்திரி சொன்னால் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள். அந்த பம்பர் இருநூறு கிலோவையும் தாங்கும்.

அப்புறம் திரும்பும்போது என்ன செய்வது என்று அவர் கேட்டதற்கு, பாரம் அதிகமான அன்றைக்கு மட்டும் ஏழுமலை ஏறிக்கொள்ளட்டும், இப்போது நிற்க நல்ல இடம் இருக்கிறது என்றேன். அவரும் அரைமனசாகத் தலையாட்டினார். பொய் சொன்னதோடு விட்டேனா? பெட்டியின் மேல் சொரசொரப்புத் தகடு அடித்தேன், கால் வழுக்காமல் இருக்க. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வைத்தேன். வெள்ளைப் பெயிண்டும் அடித்தேன். மனுஷன் ஏறக் கூடாது என்று செய்யச் சொன்ன பொருளில் மனுஷன் ஏறுவதற்குப் படி கட்டிக் கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. ஏழுமலை ஏறி நின்று பார்த்து "சோக்கா கீதுண்ணா" என்றான். மறுநாள் செல்வி கொடுத்தனுப்பியதாக ஒரு டப்பாவில் வஞ்சிர மீன் குழம்பு வந்தது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு சாப்பிட்டேன்.

நாலு மாதம் ஓடியது. பாரம் அதிகமான அன்றைக்கு மட்டும் என்பது தினமும் என்று ஆனது. நான் கேட்கவில்லை.

மழைக்காலம் வந்தது. அடையாற்றில் தண்ணீர் பெருகி, முகத்துவாரம் வழியாக ஆகாயத்தாமரை கடலுக்குப் போய், அலை அதைத் திருப்பிக் கரையில் தள்ளிவிட்டது. பெசன்ட் நகர் மணல் முழுக்கப் பச்சைக் குவியல், அதில் சிக்கின வலைத் துண்டு, பிளாஸ்டிக், செருப்பு. அத்தனையும் ஈரம். வண்டியின் முன் பக்கம் ரொம்பக் குதிக்கிறது என்று பாஸ்கர் சொன்னதால் அன்று காலையில் நானே போனேன்.

முதல் திருப்பத்தில் பார்த்தேன். ஏழுமலை ஏறி நின்றும் முன் சக்கரம் மணலுக்கு மேல் நாலு விரல்கட்டை எழும்பி இறங்கியது. அவன் அங்கிருந்தே கையை உயர்த்தி, ஒன்றுமில்லை என்று காட்டினான். நான் நிறுத்து என்று சொல்லியிருக்க வேண்டும். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். எடை போதவில்லை என்றால் இன்னும் ஏற்று என்பார்கள். பம்பர் தாங்காது என்று சொன்ன வாய் என்ன பதில் சொல்லும்? இத்தனையும் ஒரு நொடியில் மனசில் ஓடியது. நானும் கையை உயர்த்தி, போகலாம் என்று காட்டினேன்.

மூன்றாவது திருப்பம். தொட்டி நிறைந்திருந்தது. பாஸ்கர் சல்லடையைத் தூக்கியதும் முன் பக்கம் சட்டென்று இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. ஏழுமலையின் கை கைப்பிடியை விட்டு நழுவி, அவன் வண்டிக்கு முன்னால் மல்லாந்து விழுந்தான். பயந்துபோன பாஸ்கர் சல்லடையைக் கீழே விட்டான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பின் பாரம் தரையில் உட்கார்ந்ததும் முன் பக்கம் இறங்கியது. வலது முன் சக்கரம் ஏழுமலையின் முழங்காலுக்குக் கீழே வந்து அழுத்தியது.

அவன் கத்தவில்லை. "அண்ணா" என்று மட்டும் சொன்னான்.

நடக்க வந்தவர்கள் ஓடி வந்தார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் பின்னால் எடு என்றார். நாலு பேர் வண்டியைத் தூக்கப் பம்பரைப் பிடித்தார்கள். பாஸ்கர் ரிவர்ஸ் போடக் கியரில் கையை வைத்துவிட்டான். எடுத்திருந்தால் சக்கரம் அந்தக் காலை மணலோடு தேய்த்துக்கொண்டு போயிருக்கும்.

"பாஸ்கர், கியர்லேர்ந்து கைய எடு. சல்லடைய மெதுவா தூக்கு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். எது இந்தக் கதிக்குக் காரணமோ அதையே மறுபடி செய்யச் சொல்கிறேன். நான் ஏழுமலையின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து மண்டியிட்டுக்கொண்டு, தூக்குடா என்று மறுபடி சொன்னேன். தூக்கினான். பின்னால் பாரம் எழும்ப எழும்ப முன் சக்கரம் லேசாகி, மணலை விட்டு ஒரு சாண் மேலே வந்தது. இழுத்தேன். இன்னொருவரும் சேர்ந்து இழுத்தார். காலை முழுசாக வெளியே கொண்டுவந்த பிறகுதான் இறக்கச் சொன்னேன்.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கீழே ஈர மணல் இருந்ததால் கால் மிஞ்சியது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பழையபடி ஓடி ஏறுவது இனி நடக்காது என்றும் சொன்னார்கள்.

இதில் எனக்குக் கிடைத்த பேரைக் கேளுங்கள். மேஸ்திரியின் சமயோசிதத்தால்தான் கால் தப்பியது என்று பாஸ்கர் எல்லோரிடமும் சொன்னான். அதோடு நிற்கவில்லை. நல்லவேளை முன்னால் எடை குறைவாக இருந்தது, இல்லாவிட்டால் தூக்கியிருந்தாலும் சக்கரம் எழும்பியிருக்காது என்றான். கணக்குப்படி அது உண்மை. இரண்டு நாள் நானும் அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். எடை முழுசாக இருந்திருந்தால் அவன் அங்கே நின்றிருக்கவே வேண்டாம் என்ற இன்னொரு உண்மையை நினைக்காமல் இருக்க என்ன பாடுபட்டேன் தெரியுமா. மூன்றாம் நாள் பாஸ்கர் பட்டறைக்கு வந்தான். விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், சல்லடையைத் திடீரென்று இறக்கியதுதான் தப்பு என்று எழுதி அவனை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள். இதைச் சொல்லும்போதும் அவன் என்மேல் குறை சொல்லவில்லை. என் பொய் அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை தி. நகர் ஆபீசுக்குப் போனேன். ஜவுளிக்கடை மாடியில் இரண்டு அறை. மேனேஜர் தென்காசிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர். அவர் எதிரில் நின்று சொன்னேன். பம்பர் தாங்கும் சார். எட்டு மூட்டை வேண்டும் என்று தெரிந்தே நாலு மூட்டை எடைதான் செய்தேன். பாஸ்கர் பேரில் தப்பு இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு ஏன் என்று கேட்டார். ஏழுமலைக்கு வேலை போய்விடும் என்றுதான் என்றேன்.

"அதுக்கு இரும்பைக் குறைப்பியளா மேஸ்திரி? எங்கிட்ட வந்து ஒழுங்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

போனில் கேட்டேனே என்றேன். எப்போது என்றார். அவருக்கு நினைவே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டுவிட்டு வைத்த போன் அது. அவர் கோபத்தோடுதான் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஆழ்வார்பேட்டையில் நம் வண்டி நிறுத்துமிடத்துக்குப் பகல் காவலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்களாம். உட்கார்ந்து பார்க்கிற வேலை. நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு தாளில் ஏழுமலை பெயரை எழுதி, கால் சரியானதும் சேரலாம், அதுவரை பாதிச் சம்பளம் என்று போட்டு, முத்திரை குத்தி நீட்டினார். எனக்குத் தண்டனையாக மேஸ்திரி பொறுப்பை ஆறு மாதத்துக்கு எடுத்தார். ஏற்றுக்கொண்டேன். பாஸ்கரைத் திரும்ப வண்டிக்கு அனுப்பினார். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழுமலை காலில் கம்பிகளோடு படுத்திருந்தான். செல்வி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். வாங்கண்ணா என்று எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். நான் உட்காரவில்லை. ஆபீசில் சொன்னதை அப்படியே அவர்களிடமும் சொன்னேன்.

ஏழுமலை கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"தெரியும்ணா. எட்டு மூட்டையும் தூக்கி வெச்சது நான்தான. பொட்டிய ஒத்த ஆளா தூக்கி பம்பர்ல மாட்டனதும் நான்தான. பாதிதான் கீதுன்னு அப்பவே தெரியும். நீ எனுக்காவ செஞ்சிக்கினு கீறன்னு கம்முனு இருந்துட்டேன்."

நாலு மாதம் ஒவ்வொரு காலையும் அவன் தெரிந்தே ஏறியிருக்கிறான். நான் தெரிந்தே ஏற்றியிருக்கிறேன். ஒருவர் மனசு நோகக் கூடாது என்று இன்னொருவர் பேசாமல் இருந்திருக்கிறோம். அவன் மேல் எனக்கிருந்தது அன்புதான், அதில் சந்தேகம் இல்லை. அந்த அன்பு அவன் காலை முறித்துவிட்டது.

செல்வி ஆரஞ்சைக் கீழே வைத்தாள். அவளுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிக்கீது" என்றாள். "ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயத் தொறந்து அந்த ஆபீஸ்ல போயி கேட்டா இன்னா? தொரத்திடுவாங்களா?"

பையிலிருந்த தாள் எனக்குச் சுட்டது. அதை எடுக்காமலே திரும்பிவிடலாமா, நாளைக்குப் பாஸ்கரிடம் கொடுத்தனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். அதுவும் பழைய புத்திதான். எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஆழ்வார்பேட்டை, பகல் காவல், ஏழுமலை பெயர், முத்திரை. ஒருமுறை படித்து முடித்து மறுபடி மேலிருந்து படித்தாள். எத்தனை நாளாக அலைந்து வாங்கினீர்கள் என்று கேட்டாள். இன்று காலைதான் கேட்டேன், கால் மணி நேரம் ஆனது என்றேன்.

அவள் தாளை மடித்தாள். கம்பி போட்ட காலை ஒரு தடவை பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

"இவ்ளோதாம்மா" என்றேன்.